ஊறப்போட்ட தோட்டாக்கள்

நம் வயதுக்காரர்கள் கலியாண வீடுகளில் ஒரே மேசையில் மாட்டுப்பட்டால் கதை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய பேஸ்மென்ட் அதிகம் குளிர்ந்தது, யாருடைய வீட்டுச் சொந்தக்காரன் கறி மணக்கிறது என்று கத்தினான், யாருடைய பழைய சப்பாத்து முதல் பனியிலேயே வாய் பிளந்தது. எல்லோரும் சிரிப்போம். பட்ட பாட்டைப் பகிடியாக்கி, பொரித்த இறாலோடு சேர்த்து விழுங்குவதில் நம்மை வெல்ல ஆள் இல்லை. நானும் சிரிப்பேன். என் முறை வருகிறபோது மட்டும் கை கழுவ எழுந்து போய்விடுவேன். எங்கள் பேஸ்மென்டில் அரிசி மூட்டை சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் தோட்டாக்கள் இருந்தன. அதைப் பகிடியாக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

கனடா, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென் ஜேம்ஸ் ரவுணில் கரப்பான் பூச்சியோடும் பழுதாய்ப்போன லிஃப்டோடும் சண்டை பிடித்துக் களைத்து, டோர்செட் பார்க் பக்கம் ஒரு சின்ன வீட்டின் பேஸ்மென்டுக்கு நாங்கள் வந்த வருடம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், அம்மாவின் கடைசித் தம்பியான மாமா. எனக்குப் பத்து வயது. அப்பா இரவில் கட்டடங்கள் கூட்டித் துடைத்தார். அம்மா பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்குள் பெட்டி அடுக்கினார். மாமா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு, ஹியரிங்குக்கு நாள் வரும் என்று காத்திருந்தார். அந்த நாளில் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டில் சாமிக்கு வைத்த விளக்கெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

மேலே வீட்டுக்காரக் கிழவர் தனியாக இருந்தார். வெள்ளைக்காரர். மனைவி செத்துப்போய்விட்டார், மகள் வேறு ஊரில். ஏதோ ஒரு பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். வருடத்தில் ஒருமுறை, நவம்பரில், வடக்கே காட்டுக்குப் போய் மான் சுடுவார். அதற்கான தோட்டாக்களைக் கடையில் வாங்கமாட்டார். சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, பேஸ்மென்டில் லோண்டரி அறைக்குப் பக்கத்து அறையில் வைத்து, தானே திரும்ப நிரப்புவார். அது அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, பூசை எல்லாம்.

முதல் கிழமை அம்மாவுக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. கோதுகளை ஏதோ தூளோடு போட்டு மினுக்கும் ஒரு மெஷின் மணிக்கணக்காய் அங்கே உறுமும். பிறகு ஓர் இரும்புக் கைபிடியை இழுக்கும் சத்தம் கேட்கும். கிர்ர், டக். கிர்ர், டக்.

“தனிச்ச மனிசன், மாவோ மிளகாயோ இடிக்குது போல” என்றார் அம்மா. அப்பா சிரித்தார். அந்த வீட்டில் அப்பா வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அதுதான்.

மாமாவைக் கிழவர் கண்டுபிடித்தது ஒரு தற்செயல். மாமா லோண்டரிக்குத் துணி எடுக்கப் போன நேரம், பக்கத்து அறையில் கிழவர் ஒரு தட்டை நழுவ விட்டுவிட்டார். கோதுகள் சீமெந்துத் தரையெங்கும் உருண்டோடின. மாமா முழங்காலில் நின்று எல்லாவற்றையும் பொறுக்கி, வாய் மேலே பார்க்க வரிசையாய்த் தட்டில் நிறுத்தினாராம். கிழவர் மாமாவின் கையைப் பார்த்தார், பிறகு நடுங்கிக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்தார். அடுத்த நாள் கதவைத் தட்டி மாமாவைக் கூப்பிட்டார்.

அப்பா பகலில் நித்திரை, அம்மா வேலைக்கு. அதனால் இதை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே மாமாவுக்கு வரவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போகிற வழியெல்லாம் அந்த அறையைப் பற்றிய கதைதான்.

“வெடிமருந்து ஒரு மூலையில மரப்பெட்டிக்குள்ள. கோதின்ர அடியில வைக்கிற, தட்டினா வெடிக்கிற சின்னத் தொப்பியள் மற்ற மூலையில. ரெண்டும் ஒரு மேசைக்கு ஒண்டா வரக்கூடாது. துவக்கு மேல, பூட்டின அலுமாரிக்குள்ள. கிழவனிட்டை எல்லாத்துக்கும் ஒரு சட்டம் இருக்கு, பிள்ளை.”

“என்ன சட்டம்?”

“மருந்து நிறுக்கேக்கை மூச்சுக்கூட விடப்படாது. நான் தமிழில ஏதோ முணுமுணுத்தன், அதுக்கே பேச்சு விழுந்தது.”

நகைக்கடையில் இருப்பதைப் போல ஒரு சின்னத் தராசு அங்கே இருந்தது. நானே ஒருமுறை கதவிடுக்கில் பார்த்தேன். மாமா அதன் முன்னால் குனிந்திருந்தார். எங்கள் வீட்டில் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனிதர், சோறு சாப்பிடும்போதே கால் ஆட்டுபவர், அங்கே அசையாமல் இருந்தார். நிரப்பிய கோதுகளை எல்லாம் மேசையில் நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து திரும்பவும் பார்த்தார்.

அது ஏன் என்றும் அவர் சொன்னார். ஒரு கோதில் மருந்து போட மறந்துவிட்டால், அடித்தொப்பி மட்டும் வெடித்து, குண்டு துவக்குக் குழாய்க்குள் பாதி வழியில் நின்றுவிடும். சுடுகிறவர், ‘ஏதோ சரியாய் வெடிக்கவில்லை’ என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால், வழி அடைத்துக் கிடக்கிறதல்லவா, துவக்கே முகத்துக்கு முன்னால் வெடிக்கும்.

“அதுதான் நான் ரெண்டு தரம் பாக்கிறது. கிழவன் ஒருக்காத்தான் பாக்கச் சொன்னவன்” என்றார் மாமா. அவருக்கு அதில் ஒரு பெருமை. ஊரில் படிப்பு பாதியில் நின்று, வழியில் எத்தனையோ நாடுகளில் ஒளிந்து கிடந்து, இங்கே கோப்பை கழுவியவரிடம், உன் கை நல்ல கை என்று ஒருவர் முதன்முதலாகச் சொல்லியிருந்தார். அதுமட்டுமல்ல, வேட்டை முடிந்து வந்ததும் தன் பழைய பட்டறைக்குக் கூட்டிப்போய், மேலாளரிடம் சொல்லி, இரும்பு கடையும் வேலை பழகச் சேர்த்துவிடுவதாகவும் கிழவர் வாக்குக் கொடுத்திருந்தார். லோண்டரி மெஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அறைச் சாவியையும் மாமாவுக்குக் காட்டி வைத்திருந்தார்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை ட்ரையருக்குள் சத்தம் கேட்டது. டங், டங் என்று உடுப்புகளோடு ஏதோ சுழன்றது. காசாயிருக்கும் என்று அம்மா கதவைத் திறந்து கையை விட்டார். வெளியே வந்தது ஒரு வெற்றுக் கோது. மாமாவின் சட்டைப்பையில் மறந்து கிடந்தது. ட்ரையரின் சூடு அதில் இருந்திருக்க வேண்டும், ஆனாலும் அம்மா அதைக் கீழே போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அம்மாவுக்கு அந்த நீளம், அந்தத் தடிப்பு எல்லாம் தெரியும். ஊரில் பொலிஸ்காரர் வைத்திருந்த பழைய துவக்கின் கோதும் இதுதான். அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், நான் படத்தில் மட்டும் கண்டவர். ஊரில் ஒரு சுற்றிவளைப்பின்போது, யாரோ பிள்ளைகள் விளையாடப் பொறுக்கிவந்து எங்கள் வேலியோரம் போட்ட ஒரு கோதுக்காக இராணுவம் அவரைக் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. அதன் பிறகு, ஆமி வருகிறது என்று நாய் குரைத்தாலே போதும், அம்மா வீட்டிலிருந்த பற்றரி, றேடியோ, தடித்த சப்பாத்து எல்லாம் கிணற்றுக்குள் போகும். கிணற்றில் போட்டது செத்தது என்பது அவர்கள் கணக்கு. மழைக்காலத்தில் மூன்று நாள் நனைந்த சீனவெடி வெடிக்காது, அதுபோல ரவையும் வெடிக்காது என்று ஊரே நம்பியது. தோட்டாவைத்தான் எங்கள் ஆட்கள் ரவை என்பார்கள்.

அம்மா அந்தக் கோதைக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் இழுத்தார். அது போகவில்லை. திரும்ப இழுத்தார். பித்தளை அடியில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கடைசியில் கையை விட்டு எடுத்து, துணியில் சுற்றி, வீட்டின் பின்வளவு மண்ணில் கரண்டியால் கிண்டிப் புதைத்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். எங்கள் ஜன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் அம்மாவின் முழங்கால்களும் கரண்டியும் மட்டுமே தெரிந்தன.

அன்று பின்னேரமே அம்மாவும் அப்பாவும் அகதிக் கேஸ் எழுதிக்கொடுக்கும் அண்ணையிடம் ஓடினார்கள். அந்த அண்ணையை உங்களுக்கும் தெரிந்திருக்கும், நமக்கெல்லாம் அப்படி ஒருவர் இருந்தார். கொஞ்சம் இங்கிலிஷ், ஒரு ஃபக்ஸ் மெஷின், எல்லாம் தெரிந்த முகம். அவர் வாயிலிருந்து விழுவதுதான் எங்களுக்குக் கனடாச் சட்டம். என்னையும் தனியே விட ஏலாமல் கூட்டிப்போனார்கள்.

“தங்கச்சி, உவன்ர கேஸில நான் என்ன எழுதியிருக்கிறன்? வாழ்க்கையில துவக்கைத் தொட்டதில்லை எண்டு. இப்ப உவன் ரவை நிரப்புறான் எண்டு ஒரு சொல்லு வெளியில போனால் கேஸ் அம்போ. வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டிருக்கிறான்.”

“அது மான் வேட்டைக்காம், அண்ணை” என்றார் அப்பா மெதுவாக.

“கோட்டில மான் வந்து சாட்சி சொல்லுமே?”

இப்போது யோசித்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. சட்டப்படி பூட்டி வைத்து வேட்டையாடும் ஒரு கிழவருக்கு மேசையில் உதவி செய்வதை இந்த நாட்டில் யார் பெரிதாக எடுக்கப்போகிறார்கள்? அதை ஒரு வக்கீலிடம் நேரே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அண்ணையும் அரண்டவர்தான், அவர் அதைச் சத்தமாகச் சொல்லப் பழகியவர், அவ்வளவுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாமாவை இருத்தி வைத்து விசாரணை நடந்தது.

“அக்கா, அது மானுக்கு.”

“கோதுக்குத் தெரியுமே, மானோ மனிசனோ எண்டு? அண்ணாவைக் கொண்டுபோன மாதிரி உன்னையும் கொண்டுபோகட்டோ?”

“இஞ்சை ஆர் அக்கா கொண்டுபோறது? கிழவன் பட்டறையில கதைச்சு வைச்சிருக்கிறான். வேட்டைக்கு நானும் கூடப் போகவேணும். அவனால இனிச் சுமையைத் தூக்கேலாது. துவக்கை நான் தொடமாட்டன். சாமானைக் காவிக்கொண்டு போறதுதான் என்ர வேலை.”

“போகக்கூடாது.”

“வாக்குக் குடுத்திட்டன். போயிட்டு வந்தாப் பிறகு அந்த அறைப் பக்கமே போகமாட்டன், சத்தியமா.”

“படிச்ச மனிசன் சொல்லுறார், கேளன் தம்பி” என்றார் அப்பா. மாமா கேட்கவில்லை. அம்மா அதற்கு மேல் கத்தவில்லை. அம்மா கத்துவதை நிறுத்தினால் வேறு ஏதோ யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும், மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேட்டைக்குச் சில நாள் முன்னால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா வீட்டில் இருந்தார். வேலைக்குப் போகவில்லை. அம்மா காய்ச்சலுக்கே லீவு எடுக்காதவர். மாமா கிழவரோடு ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அப்பா உள்ளே குறட்டை. லோண்டரி அறையின் பெரிய தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. அதன் அடியில் நிரப்பி முடித்த தோட்டாக்கள் கிடந்தன. மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிகள் வெறுமையாய் மெஷினின் மேலே திறந்து கிடந்தன.

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சிலவற்றின் கழுத்திலிருந்து, பித்தளையும் குண்டும் சேரும் இடத்திலிருந்து, மிகச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாய்க் கிளம்பி மேலே வந்தன. பார்க்க வடிவாக இருந்தது.

“என்னம்மா செய்யிறீங்கள்?”

“ஊத்தையாக் கிடந்தது. கழுவிக் குடுக்கிறன். நீ போய் ரீ குடி.”

அம்மா கழுவாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. கடையில் வாங்கிய முட்டையைக் கழுவுவார், மாமா கொண்டுவந்த நாணயங்களைக் கழுவுவார். நான் நம்பினேன். தேநீர் குடித்து, தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் பார்த்துவிட்டு வந்தபோது தோட்டாக்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் துவாய்த் துண்டில் வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தன, வடகம் காய வைத்ததுபோல. அம்மா ஒவ்வொன்றையும் தன் சீலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றித் துடைத்து, மூக்குக் கீழே பார்க்கப் பெட்டியில் திரும்ப அடுக்கினார். சாவி ஆணிக்குப் போனது.

அம்மா நினைத்தது என்ன என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஊறியது வெடிக்காது. காட்டில் கிழவர் விசையை இழுப்பார், ஒன்றும் நடக்காது. திரும்ப இழுப்பார், ஒன்றும் நடக்காது. உன் வேலை சரியில்லை என்று மாமாவைப் பேசி, இனி வராதே என்று துரத்திவிடுவார். ஒருவருக்கும் நோகாமல், ஒரு சத்தமும் இல்லாமல், தம்பி அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிடுவான். ஒரு தொட்டித் தண்ணீரில் முடிகிற காரியம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைகளை நாம் எத்தனையோ கேட்டிருக்கிறோம். அதில் ஒன்று நம் வீட்டுக்குள்ளே நடக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஊறிய தோட்டாக்களில் பல நன்றாகத்தான் வெடித்திருக்கும். சில வெடிக்காமலே இருந்திருக்கும். ஒன்றிரண்டு மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்றன. காட்டில் கிழவர் ஒரு மானுக்குக் குறிவைத்துச் சுட்டார். ‘பொட்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்ததாம். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது, ஓடவில்லை. ஓடவில்லை என்பதால் கிழவர் அவசரப்பட்டார். கோதை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிச் சுட்டார். அத்தனை சட்டம் வைத்திருந்த மனிதர், அந்த ஒரு கணம் எதையும் பார்க்கவில்லை.

மாமா அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றார். மாமாவுக்கு ஒரு கீறலும் இல்லை. கிழவரின் இடது கையில் விரல்கள் போயின. ஒரு கண்ணும் போயிற்று. மாமா தன் கழுத்துச் சால்வையால் அந்தக் கையைக் கட்டிவிட்டு, பனிக்குள்ளால் றோட்டுக்கு ஓடி, போகிற லொறியை மறித்தார். மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிழவரின் வாகனம் அங்கே சாவியோடு நின்றதாம்.

தொலைபேசியில் மாமா சொன்ன முதல் சொல், “அக்கா, நான் ஒண்டில மருந்து போட மறந்திட்டன்.”

அம்மா றிசீவரைப் பிடித்தபடி நின்றார். “உனக்கு ஒண்டுமில்லையே? உனக்கு ஒண்டுமில்லையே?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு லோண்டரி அறைக்குப் போனார். நெடுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அந்தத் தொட்டியை உரஞ்சிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வெள்ளையாய் இருந்த தொட்டி.

பொலிஸ் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கிழவர் ஒரே வரியில் முடித்திருந்தார்: என் துவக்கு, என் தோட்டா, என் பிழை. மாமாவின் பெயரே அங்கே வரவில்லை. பொலிஸ்காரர் அந்த அறையைக் காலி செய்து, மரப்பெட்டி, மஞ்சள் பெட்டிகள், தராசு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் போனது. அந்த வெறுமையில் அரிசி மூட்டையில் எலி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மா ஏதோ சூப் வைத்துக் கொடுத்துவிட்டார். கிழவர் சூப்பையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி ஒரு வசனம் சொன்னாராம். அதை மாமா எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “உன்ர கையைத்தான் நான் நம்பினனான்.”

மாமா அதைச் சொன்னபோது அம்மா சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். அகப்பை நிற்கவில்லை. எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கிழவரின் மகள் வந்து எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். நாங்கள் பனிக்குள் சாமான் ஏற்றி வேறொரு பேஸ்மென்டுக்குப் போனோம். அந்தக் குளிர்காலமே மாமாவின் ஹியரிங்கும் நடந்தது. ஒருவரும் தோட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவருடைய ஊரில் சந்தை எந்த நாள் கூடும், அண்ணனை எங்கே வைத்துப் பிடித்தார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கேஸ் எழுதிய அண்ணை லட்டு வாங்கி வந்து, “நான் சொன்னதைக் கேட்டபடியாத்தான்” என்றார். அம்மா அந்த லட்டைக் கையில் வைத்திருந்தார், சாப்பிட்டதை நான் காணவில்லை.

அதற்குப் பிறகு மாமாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். நம் எல்லோரின் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். சபையில் ஓரமாய் இருப்பார், கலியாணம் கட்டாதவர், கேட்டால் சிரிப்பார். பட்டறைக்கு அவர் போகவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. கார் ஓட்டப் பழகமாட்டேன் என்றார். கார் நிறுத்துமிடம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து சீட்டுக் கொடுக்கும் வேலையிலேயே காலத்தைக் கழித்தார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளையைத் தூக்கச் சொல்லி நீட்டினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “வேண்டாம் பிள்ளை, என்ர கை சரியில்லை” என்றார்.

அம்மாவும் அவர் கையில் எதையும் விட்டு வைக்கமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் மாமா சாப்பிட வருவார். எழுந்து ஒரு கோப்பையை எடுத்தால், “விடு, நான் வைக்கிறன்” என்று அம்மா பறித்துவிடுவார். சுடுதண்ணீர், கத்தி, குழந்தை, எதுவானாலும். அவருக்குப் பிடித்த கணவாய்க் கறியைத் தனியே எடுத்து வைப்பார். சாகும்வரை அப்படித்தான். அக்காவுக்குத் தம்பியில் எவ்வளவு பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாசம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

அம்மா போனதற்குப் பிறகு, என்னோடு வேலை செய்யும் ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் கணவர் தோட்டா நிரப்புவதைப் பற்றிப் புலம்பினாள். வெள்ளம் பேஸ்மென்டுக்குள் வந்து எல்லாம் நனைந்துவிட்டதாம். காயவைத்துப் பாவிக்கலாமே என்று அவள் சொல்ல, கணவர் பாய்ந்தாராம். உள்ளே ஈரம் போனால் மருந்து பாதிதான் எரியும், குண்டு குழாயில் நின்றுவிடும், அடுத்தது துவக்கை வெடிக்க வைக்கும் என்று. அவள் இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னாள். நான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன். தொட்டியும் துவாயும் குமிழிகளும் ஒன்றாய் வந்து நின்றன. இத்தனை காலமும் அம்மா தோட்டா கழுவியது எனக்குக் குழந்தைக் காலத்து வேடிக்கை ஒன்றாய்த்தான் கிடந்தது. மாமா மருந்து போட மறந்தது வேறொரு கதையாய்க் கிடந்தது.

அடுத்த ஞாயிறு, மாமா தனியே வாடகைக்கு இருந்த அறைக்குப் போனேன். சந்தோசமாகத்தான் போனேன், உண்மையைச் சொல்கிறேன். ஒரு மனிதரின் தலையிலிருந்து ஒரு பெரிய சுமையை இறக்கப்போகிறேன் என்று காரில் எனக்கு அழுகைகூட வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் தொழில் தெரிந்த ஒருவர் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“குமிழி எங்கையிருந்து வந்தது? கழுத்தாலயோ?”

“ஓம் மாமா, கழுத்தால.”

“எவ்வளவு நேரம் ஊறினது?”

“நான் வரேக்கையே ஊறிக்கொண்டிருந்தது. நான் ரீ குடிச்சுப் படம் பாத்து முடிஞ்சாப் பிறகுதான் எடுத்தவ.”

அவர் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்தார். வயதுபோன கைகள், ஒரு பழுதும் இல்லாதவை.

“உங்கட கையில பிழையில்லை மாமா. நீங்கள் ரெண்டு தரம் பாத்தனீங்கள்.”

“ஓம். ரெண்டு தரம் பாத்தனான்” என்றார். பிறகு, “அக்காவுக்குத் தெரியுமே, தன்னாலதான் எண்டு?” என்று கேட்டார்.

“தெரியாது மாமா. அவவுக்கு உதெல்லாம் எங்கை தெரியும்?”

“பொய் சொல்லாதை, பிள்ளை.” குரல் உயரவில்லை. “என்ர கையில ஒரு கோப்பையைக்கூட விடாதவ. நான் நினைச்சன், என்ர கையை நம்பாமல்தான் பறிக்கிறா எண்டு. நானும் அதை நம்பிக்கொண்டு கிடந்தன். இப்ப விளங்குது, அது தன்ர பிழைக்கு அவ செய்த பரிகாரம். தெரிஞ்சும் என்னை அப்பிடியே விட்டவ.”

நான் அம்மாவுக்காகப் பேசினேன். பயம், அண்ணனைப் பறிகொடுத்த பயம், உங்களை வைத்திருக்க வேண்டும் என்ற பயம் என்றெல்லாம். ஆனால் ஒருநாள் செய்த பிழையை ஒவ்வொரு ஞாயிறும் திரும்பச் செய்ய வைக்குமா பயம்? அவர், “சரி, நீ போ, இருட்டிப்போடும்” என்றார்.

சென்ற மாதம் அம்மாவின் திவசம். மாமா ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த முறை வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. பின்னேரம் மகளிடம் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். கதவைத் திறந்தவர் அவளைக் கண்டு சிரித்து, இரண்டு கையாலும் பெட்டியைப் பக்குவமாக வாங்கினாராம். என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டாராம். அம்மம்மாவின் திவசச் சாப்பாடு என்று இவள் சொன்னதும், அதே கைகளால் பெட்டியைத் திருப்பி நீட்டினாராம்.